இடுப்பெலும்பில் ஒருவன்

பிள்ளைப்பாக்கம் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும், வாசல் பந்தலில் மருத்துவ முகாம் நடந்தது. பெனிட்டா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்க்கரை பார்க்க வந்த அம்மா செல்வமேரி, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மகன் ரிச்சர்டை அடக்கம் செய்த நாளிலிருந்து அம்மா மகளிடம் பேசுவதில்லை. தட்டை வைப்பாள்; சாப்பிடு என்று சொல்லமாட்டாள்.

பெனிட்டாவின் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனபோது, அண்ணன் ரிச்சர்ட்தான் தன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை கொடுத்தான். அவள் பிழைத்தாள். மறு வருஷம் ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டது. "எலும்புல இருந்த சத்த உறிஞ்சி எடுத்துட்டாங்க. அதான் வண்டியில நிதானம் தப்பிடுச்சி" என்பது அம்மாவின் தீர்ப்பு. இறைக்கிற கிணறு ஊறும், கொடுத்த மஜ்ஜை சில வாரத்திலேயே அவனுக்கு ஊறிவிட்டது என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

பெனிட்டாவுக்கோ வேறொரு பயம். ஷிப்டு முடிந்து படுத்தால், இடுப்பெலும்புக்குள் யாரோ விழித்திருப்பது போலிருக்கும். கொடுத்தவன் மண்ணுக்குள் போய்விட்டான், கொடுத்தது போகவில்லை. கண் இமைப்பதற்குள் லட்சக்கணக்கில் புது அணுக்களைச் செய்து அவள் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதைச் சொன்னால், 'எம்புள்ளைய முழுசா முழுங்கிட்டியா?' என்று அம்மா கேட்டுவிடுவாளோ?

பரிசோதகர் பிரசன்னா ரத்த வகை பார்க்க அவள் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து, மருந்து விட்டு ஆட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாமா, கம்பெனி கார்டுல ஓ பாசிட்டிவ்னு கீது. இங்க பி பாசிட்டிவ் வருது. யார் கார்ட மாட்டிகினு வந்த?"

"கார்டு என்னுதுதாண்ணா."

"அப்போ ரத்தம் யாருது?" என்று சிரித்தார்.

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க அண்ணனுது. அவன் குடுத்த மஜ்ஜை ஊற ஊற என் குரூப்பே மாறிப்போச்சு. இப்ப எனக்குள்ள ஓடறது முழுக்க அவன் செய்ற ரத்தம்."

செல்வமேரி எழுந்து வந்தாள். மகளின் விரல் நுனியில் இன்னொரு சொட்டு திரண்டு நின்றது. அதையே பார்த்தாள். பிரசன்னா பஞ்சை எடுப்பதற்குள் தன் முந்தானையால் அந்த விரலைப் பொத்தினாள். அவளுடைய மற்றொரு கை மகளின் இடுப்பில் எலும்பைத் தேடி, தூங்கும் பிள்ளையின் மார்பில் வைப்பதுபோல் மெல்ல அதன்மேல் படிந்தது.

"சாப்ட்டியாடா?" என்றாள்.

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளை ஒருநாளும் 'டா' போட்டதில்லை. அவளுக்கு எப்போதும் 'டி'தான். நற்கருணை வாங்க வேண்டுமென்று காலையில் வெறும் வயிற்றோடுதான் கோயிலுக்கு வந்திருந்தாள்.

"இல்லமா," என்றாள் மெதுவாக. "ரெண்டு பேரும் இன்னும் சாப்புடல."

அம்மாவின் கை இடுப்பை விட்டது, விரலை விடவில்லை.

"வாங்க," என்றாள், "வூட்டுக்குப் போலாம்."