துவாய்க்குள் ஒரு வீடு

பண்டாரவளைக்கு வந்து இருபத்தைந்து வருஷமாக அங்கேயே குந்தியிருந்த ரெயில், எழுந்து பதுளைக்கு வரப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. தண்டவாளம் வரவில்லை. விலை வந்துவிட்டது. அந்த வருஷம் பதுளையில் வீடு வாங்க அலையாதவர்கள் என்று பார்த்தால் மையவாடிக் குழிக்குள் படுத்திருந்தவர்கள்தாம். விற்கத்தான் ஆளில்லை. கூரைத் தகரத்தில் பாதி பறந்துபோன வீட்டுக்காரன்கூட வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, விலை கேட்க வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஷுக்ரிக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அவர் தோட்டம் தோட்டமாகத் துணிப்பொட்டணம் சுமந்து விற்கிறவர். ரெயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மகள் மர்லியாவை இப்றாஹீம் முதலாளியின் மகனுக்குப் பேசியிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். முதலாளி காசு பணம் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மானக்கேடு என்று நாலு பேர் முன்னால் சொன்ன மனிதர். பெண்புள்ளை பேரில் ஒரு வீடு மட்டும் எழுதிப் போட்டால் போதும் என்றார். தேங்காய் வேண்டாம், தோப்பு போதும் என்கிற பெருந்தன்மை.

ஷுக்ரி கண்வைத்தது பள்ளிவாசலுக்குப் பின்னால், பலாமரத்தடி வீடு. மூன்று அறை, ஒரு கிணறு. சொந்தக்காரி பலீலா, கொழும்பில் இருக்கும் தம்பியோடு போய் இருக்கப்போகிறாள் என்று கேள்வி. தரகர் ஸரூக்.

ஸரூக் முன்பு இரத்தினபுரியில் கல் தரகு பார்த்தவர். கல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இருவர் கைமேலும் ஒரு துவாயைப் போட்டு, அதற்குள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் நூறு, ஐந்தைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. மணிக்கட்டைப் பிடித்தால் ஆயிரம். விரல் நீட்டாமல் கையைப் பொத்திக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். இதை ஸரூக் அப்படியே வீட்டு வியாபாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: உறுதிப் பத்திரம் எழுதி முடியும்வரை எந்த வீடு, யார் கேட்கிறார்கள் என்று ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மூன்றாவது ஆள் முளைப்பான். பதுளைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடைவீதி முழுக்க மனிதர்கள் துவாய்க்குள் கையை விட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்கள் போல வானத்தைப் பார்த்து நின்றார்கள்.

ஷுக்ரி ஏழு நூறு என்று பிடித்தார். மறுநாள் ஸரூக் வந்து துவாயை விரித்து, இன்னொருவர் எட்டுக்குக் கேட்பதாக விரலால் சொன்னார். ஷுக்ரி ஒன்பது பிடித்தார். அந்த இன்னொருவர் ஒரே தாவலில் மணிக்கட்டுக்குப் போய்விட்டார்.

ஷுக்ரிக்கு நெஞ்சு கொதித்தது. கொதிப்பைக் கொட்ட வேறு இடம் தெரியாமல் சம்மந்தியின் கடைக்கே போனார். குடியிருக்க வீடு தேடுகிறவன் வயிற்றில், ரெயிலுக்காக வாங்கிப் பூட்டிவைக்கப் போகிற எவனோ ஒரு ஹராமி அடிக்கிறான் என்று ஒரு பாட்டம் ஏசித் தீர்த்தார். இப்றாஹீம் முதலாளி தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். தானும் ஒரு இடத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பதாகவும், எவனோ ஒரு பிச்சைக்காரப் பயல் நூறு நூறாக விரலை நீட்டி உயிரை வாங்குவதாகவும் சொன்னார். இருவரும் சேர்ந்து அந்த இருவரையும் மனதாரச் சபித்தார்கள். எந்த வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. சட்டம் தெரிந்தவர்கள்.

மனைவி ஹம்ஸியாவின் காப்புகளை விற்று ஷுக்ரி மணிக்கட்டோடு இரண்டு விரல் பிடித்தார். எதிரே மூன்று விரல் வந்தது. வீட்டில் இனிக் கழற்ற எதுவும் இருக்கவில்லை.

அடுத்த நாள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பொட்டணத்தை அவிழ்த்தபோதும் அவருக்கு வாய் அடங்கவில்லை. கொழுந்து பறிக்கும் இராக்கம்மா ஒரு சீட்டித் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒங்களுக்காச்சும் கோவப்பட ஒரு வெல இருக்கு பாய்," என்றாள். "இந்தக் காம்பராவுல மூணு புள்ள பெத்தேன். இதுக்கு வெலையே கெடையாது. தோட்டத்துத் தொரை போன்னு சொன்னா, அன்னிக்கே சட்டியத் தூக்கிட்டுப் போவணும்."

ஷுக்ரி துணியில் ஒரு முழம் கூட விட்டு அளந்தார். போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அவள் புருஷன் முருகையா தெமோதரைப் பக்கம் ரெயில் பாதைக்கு மண் வெட்டுகிறான். மலையைக் குடையக் குடைய மழைக்குச் சரிகிறதாம். இன்னும் மூன்று நாலு வருஷத்துக்குப் பதுளைக்கு ரெயில் கிடையாதாம்.

சம்மந்தியும் விலை கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர், இந்தச் சேதி அவருக்கு முதலில் போகட்டும் என்று ஷுக்ரி நேராகக் கடைக்கு நடந்தார். அங்கே ஸரூக் தொதல் இனிப்புத் தின்றுகொண்டிருந்தார். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்விட்டு இப்போதுதான் வந்தார்களாம். உறுதி முடிந்துவிட்டதால் இனிப் பேர் சொல்லலாம் என்று சொல்லி, பலாமரத்தடி வீடு இனி இப்றாஹீம் முதலாளியுடையது என்றார் ஸரூக்.

முதலாளி முகத்தில் ஒரு சங்கடம் எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் தொதலைப் போலக் கரைந்துபோயிற்று.

"நீங்கதானா அது, ஷுக்ரி நானா? சரி, யாவாரம் வேற, சம்மந்தம் வேற. அந்த ஊடு ஆயிரத்து ஐந்நூறுக்குப் போவும். ஒங்களுக்கெண்டதால நூறு கொறச்சித் தாறேன். புள்ள பேருக்கு எழுதிருங்க."

"நீங்க சும்மா இருந்தீந்தா அந்த ஊடு ஒங்க மகனுக்கே வந்தீக்குமே, முதலாளி."

இப்றாஹீம் நியாயமாகவே கொஞ்சம் யோசித்தார். "அது மகனுக்கு," என்றார். "இது எனக்கு."

சொல்ல வந்த சேதியை ஷுக்ரி அப்படியே விழுங்கிக்கொண்டு எழுந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தன் மகள் காப்பில்லாத கையோடு நிற்கும் உம்மாவைப் பார்த்து அழுவாள் என்று நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டே வந்தார். மர்லியா அழவில்லை. கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அவங்க கேட்ட ஊடு அவங்களுக்குக் கெடச்சிட்டே வாப்பா," என்றாள். "இனி நான் எதுக்கு?"

அன்று அஸர்த் தொழுகைக்கு முன்பே சம்மந்தம் முறிந்த சேதி முதலாளி வீட்டுக்குப் போய்விட்டது.

மழை இறங்கியது. மலை சரிந்த கதை பதுளைக்கும் வந்தது. ஒரே வாரத்தில் ஊரில் வாங்குகிறவன் ஒருவனும் இல்லை, எல்லாரும் விற்கிறவர்கள். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு அந்தக் கதிரையைக் கொடுத்தார்கள். பலாமரத்தடி வீட்டில் பழம் பழுத்து, விழுந்து, அழுகி, நடக்கிற ஒழுங்கை முழுக்க நாறியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஷுக்ரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இப்றாஹீம் முதலாளி ஸரூக்கோடு எதிரே வந்து நின்றார். ஆயிரத்து முந்நூறில் வட்டிக்கு வாங்கியது பாதியாம், ஸரூக் ஷுக்ரியின் காதில் சொன்னார். எட்டு நூறென்றாலும் முடித்துவிடலாம், மகனும் இன்னும் பெண் பார்க்காமல்தான் இருக்கிறான், பெரியவர்கள் பேசினால் எதுவும் பேசலாம்.

ஷுக்ரி வலது கையை நீட்டினார். ஸரூக் அவசரமாகத் துவாயைப் போர்த்தினார். பள்ளிவாசல் படியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

இப்றாஹீமின் கை உள்ளே போயிற்று. எட்டை எதிர்பார்த்துத் தேடியது. ஏழு, ஆறு என்று இறங்கித் தேடியது. ஒரு விரலாவது கிடைக்குமா என்று, பொத்திய கையைச் சுற்றிச் சுற்றித் தடவியது. பிறகு சுண்டுவிரல் பக்கம் நகத்தைக் கொடுத்து நெம்பிப் பார்த்தது.

துவாய் வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது. ஷுக்ரி, வழக்கப்படி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.