முன்சக்கரத்தில் ஒரு சலசலப்பு

"இது என்னம்மா?" என்று வாகன ஆய்வாளர் கேட்டபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ப்ரேக் சூடாகாம இருக்கறதுக்கு வெச்சது சார்" என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்பது அவளுக்கே உறைத்தது. சுபாவம் அப்படி. யாராவது வழி கேட்டால், தான் அன்றுதான் வந்திறங்கிய ஊராக இருந்தாலும் கை தானாக நீண்டுவிடும். தெரியாது என்று சொல்வதற்குள் தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்க ஒரு பதில் தேவைப்படும். எந்தப் பதிலும் போதும்.

மூக்கு நீண்ட பழைய லாரி அது. அவளும் அவள் நாத்தனாரும் சேர்ந்து வாங்கியது. அவள் பன்னிரண்டு வருடமாகத் துணி துவைக்கும் மெஷின் பழுது பார்ப்பவள். நாத்தனார், அவள் கணவனின் தங்கை, பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வீடுவீடாகப் போய்க் கெட்டுப்போன மெஷின்களை ஏற்றி வந்து, சரிசெய்து, திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். நாலைந்து லாரிகளைப் பார்த்து, ஓட்டிப் பார்க்கும்போது இதுதான் துளிகூட அதிரவில்லை என்று இதைத் தேர்ந்தெடுத்தவள் அவள். அந்த ஒரு சொல்லை நம்பி நாத்தனார் நேற்றோடு பஸ் வேலையை விட்டுவிட்டாள்.

ஆய்வாளர் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தது முன்சக்கரத்தின் உள்பக்கம். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றி வளையம்போல் ஒரு குழாய். ஏதோ எழுத்து இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது. அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, படிவத்தில் எழுதினார்: 'ப்ரேக்கில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது.'

"ப்ரேக்ல கை வெச்ச வண்டிய ரோட்டுல விட முடியாதும்மா. எதிர்ல இருக்கற டயர்க்கடை வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்க. நாலு மணிக்குள்ள அது என்ன, எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குக் காட்டுங்க. இல்லன்னா சீல் வெச்சு ஓரமா நிறுத்திடுவேன்."

வெளியே வந்ததும் நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "அண்ணி, அது நிஜமாவே ப்ரேக்குக்கு உள்ளதா?"

"இருக்கும்."

"இருக்குமா?"

"இருக்கலாம்."

"ஐயோ அண்ணி!"

ஆய்வு மைதானத்துக்கு எதிரிலேயே டயர்க்கடை. டயர்க்காரர் பருத்த மனிதர். லாரியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். சலசலவென்று சத்தம் வந்தது. ஒரு கை மணலை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல. நிறுத்தினார். சத்தமும் நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி சலசல.

"பேரிங் போச்சு" என்றார் திருப்தியோடு.

கழற்றிப் பார்த்தால் பேரிங் புத்தம் புதிதாகப் பளபளத்தது. தகட்டிலிருந்து ப்ரேக்குக்கு ஒரு குழாயும் போகவில்லை. எதோடும் ஒட்டாமல், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது ஒன்றே அதன் வேலையாக இருந்தது. தன் பொய் இப்படித் தரையில் மல்லாந்து கிடப்பதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் எங்கோ சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"முதல்ல சக்கரத்தோட எடை சமனா இருக்கான்னு பாத்துடுவோம்" என்று டயர்க்காரர் வளையத்தையும் சேர்த்துச் சக்கரத்தைத் தன் பேலன்சிங் மெஷினில் மாட்டினார். சுழற்றியதும் எந்த இடத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்று எண் வந்தது. எண் காட்டிய இடத்தில் ஈயக்கட்டியை அடித்தார். மறுபடி சுழற்றினார். வேறு எண், வேறு இடம். அங்கேயும் ஒரு கட்டி. மூன்றாம் முறை முதல் இடத்துக்கு நேர் எதிரில் காட்டியது. அவர் மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எட்டு வருஷமா எங்கிட்ட பொய் சொன்னதில்ல இது."

"அண்ணி பக்கத்துல நிக்கறாங்கல்ல, அதான்" என்றாள் நாத்தனார்.

நாலாம் முறை, ஐந்தாம் முறை. சக்கரத்தைச் சுற்றி ஈயக்கட்டிகள் பல் முளைத்ததுபோல் நின்றன. டயர்க்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. "பேய் பிடிச்ச சக்கரம்மா இது. ஒரு நேரம் ஒரு எடை காட்டுது. ரம்பத்த எடுத்தாந்து வளையத்த அறுத்துப் பாத்துட வேண்டியதுதான்."

மணி மூன்று. அவர் உள்ளே ரம்பம் தேடிப் போனார். நாத்தனார் கிடத்திப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். எதிலும் கலங்காதவள். ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளைவில் திருப்புகிறவள். அவளா நகம் கடிக்கிறாள்? அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுடைய வேலையை நான்தானே பறித்தேன் என்று நினைத்தாள். ஒரு வாக்கியத்தால். அதுவும் யாரும் கேட்டு வற்புறுத்தாத வாக்கியம்.

கழற்றிவைத்த இன்னொரு முன்சக்கரத்தின் வளையம் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. மெல்லச் சாய்த்தாள். உள்ளே ஏதோ உருண்டு கீழ்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மறுபக்கம் சாய்த்தாள். அதே சத்தம், அதே அவசரமில்லாத உருளல். மூன்றாம் முறை சாய்க்கும்போது அவள் கைகள் அதைப் பிடித்திருந்த விதம் அவளுக்கே விசித்திரமாகப் பட்டது. இரண்டு கட்டைவிரலும் மேலே, மற்ற விரல்கள் அடியில். இந்தப் பிடியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக மெஷின் தொட்டியின் வாயிலிருந்து கழற்றி எடுக்கும் வளையத்தை அவள் இப்படித்தான் பிடிக்கிறாள். காதருகே வைத்து ஆட்டி, உள்ளே உப்புத் தண்ணீர் இருக்கிறதா, ஒழுகிவிட்டதா என்று கேட்கிறாள். சில மெஷின்களில் தண்ணீருக்குப் பதில் இரும்புக் குண்டுகள் கிடக்கும்.

அவள் எழுந்த வேகத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்த டயரிலிருந்து சரிந்தாள்.

"துணி!" என்று அண்ணி கத்தினாள்.

"என்ன துணி?"

"ஈரத் துணி ஒரு பக்கமா சேந்துகிட்டா மெஷின் குதிக்குமே, வீடே அதிருமே! அப்ப வளையத்துக்குள்ள இருக்கறது எதிர்ப்பக்கமா ஓடிப் போய் நிக்கும். குதிக்கறது அடங்கிடும். அதே சாமான்தான் இது! சக்கரத்துல எந்தப் பக்கம் கனமோ அதுக்கு எதிர்ப்பக்கம் குண்டுங்க தானா போயிடும். ஓடும்போதே, ஒவ்வொரு தடவையும். அதனாலதான் டயர்க்கார அண்ணனோட மெஷின்ல எண் மாறிக்கிட்டே இருந்துச்சு. நாம கட்டி அடிக்க அடிக்க, உள்ள இருக்கறதும் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு!"

ரம்பத்தோடு வந்த டயர்க்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்ப என் மெஷின் கெட்டுப் போகலையா?"

"போகல அண்ணே!"

அவர் ரம்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு மெஷினைத் தடவிக் கொடுத்தார்.

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். ஈயக்கட்டிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, சக்கரங்களை வளையத்தோடு லாரியில் மாட்டினார்கள். வண்டியிலேயே வைத்துச் சக்கரத்தைச் சுழற்றும் பழைய மோட்டார் ஒன்றைக் கடையின் மூலையிலிருந்து டயர்க்காரர் உருட்டி வந்தார். நாத்தனார் சாலையைக் கடந்து ஓடி ஆய்வாளரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்தாள். மணி நாலுக்குப் பத்து நிமிடம்.

அண்ணி ஒரு பெரிய ஈயக்கட்டியைச் சக்கரத்தின் ஓரத்தில் மாட்டினாள். மோட்டாரை டயரில் அழுத்தினார்கள். சக்கரம் சுழன்றது. லாரியின் மூக்கு தடதடவென்று ஆடியது. கதவு ஆடியது. ஆய்வாளரின் கண்கள் அவளைப் பார்த்தன. வேகம் ஏறியது. ஏற ஏற ஆட்டம் குறைந்து, பட்டென்று யாரோ தோளில் கை வைத்ததுபோல் லாரி அமைதியானது. சக்கரம் மட்டும் சத்தமில்லாமல் பறந்துகொண்டிருந்தது.

"அடங்கிடுச்சு!" என்று நாத்தனார் துள்ளினாள்.

ஆய்வாளர் துள்ளவில்லை. "இங்க ஒண்ணு மாட்டுங்க" என்று வேறு இடத்தைக் காட்டினார். மாட்டினார்கள். ஆடியது, அடங்கியது. "இப்ப இங்க." ஆடியது, அடங்கியது. நாலாவது கட்டியை அவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாட்டினார். அடங்கியபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவர் மனைவிகூடப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்.

பிறகு நினைவு வந்தவராகப் படிவத்தை எடுத்தார். "காலையில ப்ரேக்குன்னு சொன்னீங்களே?"

தொண்டையில் அந்தப் பழைய அடைப்பு வந்து நின்றது. மூன்று நான்கு பதில்கள் தயாராக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் நல்ல பதில்தான். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். கையெல்லாம் கிரீஸ், மூக்கின் மேலும் கிரீஸ்.

"சும்மா சொன்னேன் சார். அது என்னன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தொண்டை திறந்துகொண்டது. வானம் இடிந்து விழவில்லை. எதிர்ச்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அவ்வளவுதான்.

ஆய்வாளர் பேனா மூடியைத் திருகினார். "எனக்கும் தெரியலம்மா. நீங்க அவ்வளவு தீர்மானமா சொன்னதும், இது கூடவா தெரியாதுன்னு நெனச்சுடுவீங்களோன்னு எழுதிட்டேன்."

டயர்க்காரர் முதலில் சிரித்தார். அவர் வயிறு குலுங்கியதைப் பார்த்து நாத்தனார் சிரித்தாள். அண்ணியால் நிற்க முடியவில்லை, மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். ஆய்வாளர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலையில் எழுதிய வரியை அடித்து, 'சக்கரத்தைச் சமன்படுத்தும் வளையம், நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதி, 'நன்றாக' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, கையெழுத்திட்டு நாத்தனாரிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் ஆய்வுக்கு நின்ற வண்டிகள் பொறுமையிழந்து கத்தத் தொடங்கின. ஆய்வாளர் இரண்டடி நடந்துவிட்டு நின்றார்.

"பின் சக்கரத்துலயும் இருக்குதா அது?"

"பாக்கல சார்" என்றாள் அவள். "தெரியல."

அவர் டார்ச்சை எடுத்தார். நாலு பேரும் லாரிக்கு அடியில் ஊர்ந்தார்கள்.