இரண்டு பாகம் கயிறு

துறைமுகத்தைப் பார்த்த ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த பிரகலாதனின் வீடு முதல் தடவை தரையை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு. அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, மகள் பூரணி பல் துலக்கிக்கொண்டிருந்தாள், செம்பரத்தையை மேய வந்த புள்ளிமான் ஒன்று விறாந்தையில் நின்றபடியே கூட வந்துவிட்டது. காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. அவருடைய மனைவி நிரோஜினி ஆறு மணிக்கு எழுத்து மேசையை விட்டு எழும்பவில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பு வரை, எட்டு வருடங்களாக அந்த வீட்டில் நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. நிரோஜினி நினைத்தபோது நினைத்த இடத்தில் எழுதினாள், பஸ் டிக்கெட்டிலும் லைட் பில்லின் பின்பக்கத்திலும். கப்பல் சமையல்காரி ஒருத்தியைப் பற்றிய அவளது நாவலுக்குப் பன்னிரண்டு தொடக்கங்கள் இருந்தன, முடிவு ஒன்றுகூட இல்லை. பூரணி இரண்டு நிறக் காலுறையோடு பள்ளிக்கூடம் போய் வந்தாள். நாவலை முடிக்காமல் நாற்பது வயதாக மாட்டேன் என்று நிரோஜினி அழுத அன்று, துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டும் வேலை பார்த்த பிரகலாதன் ஒரு நேரசூசி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஐந்திலிருந்து ஆறு எழுத்து, ஆறுக்குப் பூரணிக்குத் தலைபின்னல், ஆறேகாலுக்குச் சாப்பாடு என்று அது இரவு வரை போனது. மூன்று மாதத்தில் நூற்று நாற்பது பக்கம் வந்தது. ஆனால் நாவலில் இருந்தவர்களும் சரியாக ஐந்துக்கு வந்து, கதிரையில் நிமிர்ந்து இருந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஆறுக்குப் போனார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் சமையல்காரி போகாமல் நின்று கப்டனைப் பார்த்துச் சிரித்தாள். நிரோஜினி எழுதிக்கொண்டே இருக்க, வீடு மின்கம்பிகளுக்கு மேலால் மிதந்து, மேட்டை இறங்கி, உள்துறைமுகத்தில் போய் அமர்ந்தது. என்ன கப்பல் அது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டார்கள்.

“கொடி இல்லை சேர். கேத்தில் ஆவி பறக்குது, விறாந்தையில மான் நிக்குது,” என்றார் வேலையில் நின்ற பிரகலாதன். “பார்த்தா என்ர வீடு போலயும் கிடக்கு.”

இழுவைப் படகு வீட்டைக் கரைசேர்த்தது. பிரகலாதன் அதைப் பழைய இடத்தில் வைத்து எட்டுக் கயிறுகளால் இறுக்கிக் கட்டினார். அலையோடு ஏறி இறங்கக் கப்பலின் கயிற்றில் இடம் விடவேண்டும் என்பது துறைமுகத்தில் முதல் நாளே படிக்கும் பாடம். வீடு கப்பல் இல்லையே என்று நினைத்ததுதான் அவர் விட்ட பிழை. சமையல்காரி மறுநாள் ஐந்துக்கு வந்து, இரவுச் சாப்பாடு என்னவென்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடினாள். அதன்பிறகு ஒரு வரியும் வரவில்லை. மூன்றாவது கிழமை சுவர்களில் வெடிப்பு விழுந்தது. பக்கத்து வீட்டு சுஹைரா வேலியால் எட்டிப் பார்த்தாள். “நிரோஜினி, ஒண்டில் எழுதுங்க, இல்லாட்டிப் பறங்க. இந்தக் கயிறு முனகுற சத்தத்துல எங்கட கோழி முட்டை போடுதில்ல.”

பிரகலாதன் வேலைக்குப் போயிருந்த நேரம் நிரோஜினி குசினிக் கத்தியை எடுத்து எட்டுக் கயிற்றையும் அறுத்தாள். பூரணியையும் மானையும் ஏற்றியபடி வீடு நேரே நிலாவெளிக்குப் போய்க் கடற்கரையில் இறங்கியது. “அக்கா, வீட்டைக் கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ, வலை இழுக்க ஏலாமக் கிடக்கு,” என்று கரைவலைக்காரர்கள் சொல்ல, அவள் தள்ளிக் கொடுத்தாள். நான்கு நாட்கள் நினைத்தபோது குளித்தார்கள், பசித்தபோது மீன் பொரித்தார்கள், நிரோஜினி கை வலிக்க எழுதினாள். ஐந்தாம் நாள் எண்ணிப் பார்த்தால், நாவலுக்கு மேலும் மூன்று தொடக்கங்கள். பூரணி, படித்து முடித்திருந்த பரீட்சை போய்விட்டதென்று மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று பின்னேரம்தான் பிரகலாதன், தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் இறங்கி ஒரு வீடு கண்டீர்களா என்று விசாரித்தபடி, பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

“கப்பலுக்கு எவ்வளவு கயிறு விடுவீங்கள்?” என்று கேட்டாள் நிரோஜினி.

“ரெண்டு பாகம்.” ஒரு பாகம் எவ்வளவென்று பூரணிக்கு விளங்க இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.

“எனக்கு?”

அவர் விரித்த கைகளை இறக்கினார். “உமக்கு ஒரு சாணும் விடேல்லை. பிழைதான். ஆனா பிள்ளையின்ர பரீட்சை?”

“ஓம். அது என்ர பிழை.”

வீடு திரும்பி வந்தது. இப்போது ஒரே ஒரு கயிறுதான், அதில் இரண்டு பாகம் தளர்வு. நேரசூசியில் ஆறு மணி வரியைப் பிரகலாதன் பிளேடால் வெட்டி எடுத்தார், அந்த ஓட்டையால் ஃபிரிட்ஜின் நீலம் தெரிகிறது. சில நாள் அந்த நேரத்தில் தலைபின்னல் நடக்கும், சில நாள் வீடு கிளம்பும். நிரோஜினிக்கு நாற்பது வயதாவதற்கு மூன்று நாள் முன்பு, காலை ஆறு பன்னிரண்டுக்கு, யாரும் கேட்காமலே சமையல்காரி கப்டனிடம் தன் பெயரைச் சொன்னாள். அதுதான் நாவலின் கடைசி வரி. வீடு அப்போது மாமரத்துக்குச் சமனாக நின்றது. கயிறு பிடித்துக்கொண்டது, ஆறரைக்கு வீடு சத்தமில்லாமல் இறங்கியது, பூரணி பள்ளிக்கூடத்துக்குப் பிந்தவில்லை.

ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிச் சாமான் விற்க வரும் பாண்காரர் இப்போதெல்லாம் வாசலில் நிறுத்தி, “இண்டைக்கு மேலயா, கீழயா?” என்று கேட்கிறார். மேலே என்றால் பூரணி வாளியை இறக்குவாள். அவர் இரண்டு பாணும், மானுக்கு ஒரு பனிசும் போட்டுவிடுவார்.