இருபத்து நான்காவது கை

குளிர்ப்பெட்டியின் மூடியை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்று மியூசியம் அதிகாரி கேட்டபோது அவர் வாயில் பிஸ்கட் இருந்தது. மென்றுகொண்டே கேட்டார். ஒரு துணுக்கு தெறித்து, பெட்டிக் கண்ணாடியின் மேல், அப்பாவின் முகத்துக்கு நேரே விழுந்தது. மகள் அதைப் புறங்கையால் தள்ளினாள். அவர் கவனிக்கவில்லை.

"அரை மணி ஆகும்மா. மிஞ்சிப் போனா முக்கால் மணி. ஒண்ணும் ஆயிடாதில்ல?"

"இனிமே என்ன ஆகணும்?" என்றாள்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள். ஊரார் பொட்டலமாகக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவதையெல்லாம் வாங்கித் திறந்து பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. சளி, சிறுநீர், மலம் என்று எதற்கும் மூக்கைச் சுளித்தது கிடையாது. மதியம் கையைக் கழுவிவிட்டு வயிறாரச் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த மனிதரின் சென்ட் வாசனையும், பிஸ்கட் தூள் ஒட்டிய மீசையும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பார்வையும் குமட்டிக்கொண்டு வந்தன.

அப்பா முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். எழுபத்து நான்கு வயது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பஸ் டிப்போவில் டயர் மாட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் நாட்டுக்காகக் குண்டு எறிந்தவர். அவர் எறிந்த தூரத்தைப் பதினோரு வருடம் யாரும் தாண்டவில்லை. தெருவில் அவர் 'குண்டண்ணன்'. "குண்டு போட்டவர் வீடு எதுன்னு மட்டும் சத்தமா விசாரிக்காதீங்க, போலீஸ் வந்துடும்" என்று மாமா, அம்மாவின் தம்பி, துக்கம் கேட்க வந்தவர்களிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் இப்படியா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வேடிக்கை அப்பா சொல்லிச் சொல்லிப் பழகினது. சொல்ல ஆளில்லாமல் போனதால் மாமா சொன்னார்.

தேசிய விளையாட்டு மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விளையாட்டரங்கத்தின் படி வரிசைக்கு அடியில் மூன்று அறைகள். வாசலில் நீளமான பலகை, பலகைக்குப் பக்கத்தில் கழிப்பறை. முதல் அறையில் கோப்பைகள், இரண்டாவதில் ஷூக்களும் பனியன்களும், மூன்றாவதில் கைகள். நாட்டுக்காக ஆடியவர்களின் கைகளைப் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மணிக்கட்டோடு வெட்டி எடுத்தாற்போல இருபத்து மூன்று வெள்ளைக் கைகள். ஒன்றுக்குச் சுண்டுவிரல் உடைந்து, பழுப்புப் பசையால் ஒட்டியிருந்தது. அப்பா ஒருமுறை மகளைக் கூட்டிப்போனார். ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் அவள் வெளியே வந்துவிட்டாள்.

"கறிக்கடை மாதிரி இருக்குப்பா."

"போடி. நம்ம கையும் அங்கதான் வரப்போகுது."

வரும் என்று கடிதம் வந்து ஒன்பது வருடம். பிறகு அச்சுக்காரர் இல்லை என்றார்கள். மாவு இல்லை என்றார்கள். அமைச்சர் தேதி கொடுக்கவில்லை, பட்டியல் மாறிவிட்டது என்றார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல், இஸ்திரி போட்ட சட்டையில், அப்பா போய் விசாரித்துவிட்டு வருவார். அவர் இடது கைக்காரர். வெள்ளிக்கிழமையே இடது கை நகங்களை ஒட்ட வெட்டி, வேலை விட்டும் போகாத பழைய டயர்க் கறுப்பை எலுமிச்சைத் தோலால் தேய்த்து வைப்பார். 'இன்னிக்கே எடுத்துடலாம்' என்று திடீரென்று சொல்லிவிட்டால், கை தயாராக இருக்க வேண்டுமே.

இன்று காலை எட்டு மணிக்கு மாமா மியூசியத்துக்குப் போன் போட்டுச் சொன்னார், ஒரு மலர்வளையமாவது வரட்டும் என்று. பத்து மணிக்கு அதிகாரியே வந்து நின்றார். கூடவே, மாவுப் பையும் வாளியுமாக ஓர் அச்சுக்காரர். மகள் முடியவே முடியாது என்றாள். உள்ளறைக் கட்டிலில் கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"எடுக்கட்டும்டி."

"அம்மா, செத்தவங்க கையப் போயி…"

"உசிரோட இருந்தப்ப எடுக்கல. அதுக்கு நாம என்ன பண்றது? ஒன்பது வருஷம் நகம் வெட்டிக்கிட்டுப் போனாரு மனுஷன். அந்தக் கை அங்க இருக்கட்டும். நான் ஒரு தடவ போய்ப் பாக்கணும்."

மகள் பெட்டியை விட்டு விலகி நின்றாள்.

துக்கம் கேட்க வந்தவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டு, மாமா பிளக்கைப் பிடுங்கி மூடியைத் தூக்கினார். குளிர் புகை போல வெளியே வழிந்தது. "ரெண்டு வாளி தண்ணி வேணும்மா" என்றார் அச்சுக்காரர். அவள் பின்கட்டுக்குப் போனாள். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. இரண்டு வாளி நிறைய எத்தனை நேரமாகும், நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாளி பாதி நிறைவதற்குள் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். விறைத்த தோளை அச்சுக்காரர் தளர்த்தியிருந்தார்.

பொறுக்காமல் அவள் ஒரு வாளியோடு வந்தபோது, குடத்திலிருந்த தண்ணீரைக் கொண்டு அவர்கள் முதல் மாவைக் கரைத்துவிட்டிருந்தார்கள். பெட்டியின் ஓரத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் தகரத் தட்டு, தட்டில் வெள்ளைக் கூழ். அதில் பாதி முங்கிக் கிடந்தது அப்பாவின் கை. விரலெல்லாம் வாஸ்லின் களிம்பு பூசி, எண்ணெயில் எடுத்த மீன் மாதிரி மினுங்கியது. புறங்கையில் ஆஸ்பத்திரி ஊசி குத்தின நீலம். அதிகாரி போனைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்தார். "விரல இன்னும் கொஞ்சம் விரிங்க. கம்பீரமா இருக்கணும்." அச்சுக்காரர் ஒவ்வொரு விரலாக நீவி நீவி விரித்தார். விட்டதும் அது பழையபடி மடங்கியது.

ஊசி குத்தின நீலம். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டது வலது கையில்.

"இது வலது கை," என்றாள்.

"ஆமா."

"அப்பா இடது கையால எறிஞ்சவரு."

அதிகாரி அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். அச்சுக்காரரின் கை மாவோடு அந்தரத்தில் நின்றது.

"அந்தப் பக்கம் சுவரு ஒட்டியிருக்கும்மா. பெட்டிய நகத்தணும். அதுவுமில்லாம எங்க ஃபார்ம்ல வலது கைன்னுதான் இருக்கு."

"பெட்டிய நகத்த ரெண்டு பேர் போதும்."

"இப்பவே பாதி இறுகிடுச்சு. அச்சுல வந்தப்புறம் எந்தக் கைன்னு யாரு பாக்கப் போறா?"

"கட்டை விரல் எந்தப் பக்கம்னு கண்ணு இருக்கறவங்க பாப்பாங்க."

மாமா குறுக்கே வந்தார். "சார், இன்னொரு வாட்டி எடுத்துடலாமே. அவரு கை கை இல்ல சார், பீரங்கி. இடது கைதான் சார் அவரு."

அச்சுக்காரரும் மெதுவாக, "மாவு இருக்கு சார்" என்றார்.

அதிகாரி மாமாவின் தோளில் கையைப் போட்டுக் குரலைத் தணித்தார். தணித்தால் பெண்களுக்குக் காது கேட்காது என்று சிலருக்கு ஒரு நினைப்பு. "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. திங்கக்கிழமை புதுப்பிச்சுத் திறக்கறோம். இருபத்து நாலாவது பெட்டிக்கு ஒரு டென்னிஸ் ஆளு வர்றதா இருந்தாரு, கடைசி நேரத்துல கால வாரிட்டாரு. ஸ்டாண்டு, லைட்டு எல்லாம் வலது கைக்கு அடிச்சது. காலிப் பெட்டியக் காட்டினா அமைச்சர் என்னைக் காலி பண்ணிடுவாரு. நீங்க காலைல போன் பண்ணீங்க பாருங்க, தெய்வம் மாதிரி! அதுவும் பீச்சாங்கையப் போயி கண்ணாடிப் பெட்டியில வெச்சா, குழந்தைங்க வர்ற இடம், நல்லாவா இருக்கும்?"

மாமா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். அவருக்குச் சொல்ல வேடிக்கை எதுவும் கிடைக்கவில்லை.

மகள் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். அறை முழுக்க மாவின் ஈர வாடை, வாஸ்லின், சென்ட், பிஸ்கட். "முடிங்க. பாதியில விட்டா தோலு உரிஞ்சிடும். முடிச்சு எடுங்க," என்றாள் அச்சுக்காரரிடம்.

அவர் ஓரங்களில் எண்ணெய் தடவி, மேல் பாதிக்கும் மாவை ஊற்றினார். கை மறைந்து, வெறும் வெள்ளைக் கட்டியாயிற்று. அதிகாரி வாசலுக்குப் போய், "வேலை முடிஞ்சுது சார், ஆமா சார், ஒரிஜினல் சார்" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அச்சுக்காரர் கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடேறிடுச்சு. இறுகிட்டா சூடு வரும்மா," என்றார், தானே குற்றவாளி போல.

உளியை இடுக்கில் விட்டுத் தட்டி இரண்டாகப் பிளந்தார். கை வெளியே வந்தது. மணிக்கட்டு முடி கொத்தாகப் பிய்ந்து அச்சிலேயே ஒட்டிக்கொண்டு போனது.

அதிகாரி உள்ளே வந்து இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரமாதம்! ரேகைகூட விழுந்திருக்கு."

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் மகள். "ஆனா அப்பா பேரப் போடக் கூடாது."

"என்னம்மா இது? பேரில்லாத கைய எப்படி வைக்கிறது?"

"டென்னிஸ்காரர் பேரப் போடுங்க. உங்க பேரப் போடுங்க. உங்களுக்குப் பெட்டி நிறையணும், அவ்வளவுதானே?"

"சம்மதக் கடுதாசியில உங்க மாமா கையெழுத்துப் போட்டிருக்காரு."

"காட்டுங்க."

அவர் காட்டினார். அவள் வாங்கி நான்காகக் கிழித்தாள். நிதானமாக, சோதனைக்கு வந்த சீட்டைப் பிரிக்கிற மாதிரி. கிழித்ததை அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள். வைக்கும்போது விரல் அவர் மேல் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

அவர் போகும்போது, "உங்க அப்பாவோட ஒன்பது வருஷ ஆசைய நீங்கதாம்மா கெடுத்தீங்க," என்றார். அது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அச்சுக்காரர் கடைசியாக நின்று அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மாவு சிந்தின தரையைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனார். அச்சை அவர் எடுத்துப்போனாரா, அதிகாரியா என்றுகூட அவள் பார்க்கவில்லை.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, அப்பாவின் நகக்கண்ணில் அடைந்திருந்த மாவை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை அந்த இருபத்து நாலாவது பெட்டியில் எதை வைத்தாலும் வைப்பார்கள். அம்மா போய்ப் பார்க்க ஒன்றுமிருக்காது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள்.

"போயிட்டாங்களா?"

"ம்."

"வெச்சிடுவாங்களாமா?"

மகள் துணியை மடித்தாள். சொல்லிவிடுவது என்று நிமிர்ந்தாள். அதற்குள் அம்மாவின் கண் ஸ்டூல் மேல் கிடந்த கையில் விழுந்துவிட்டது.

"இந்தக் கையையா எடு…" என்று குனிந்து தொட்டவள், அப்படியே நின்றாள்.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அம்மா நாலைந்து தடவை அவரைத் தொட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். இப்போது இழுக்கவில்லை. அவர் விரல்களுக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள்.

"சுடுதுடி," என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலிதான். இருந்த ஒன்று அதுதான். அம்மா உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "மூடியப் போட்டு சுவிட்சப் போட்டுடவா? வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

மகள் எழுந்து போய், தரையில் கிடந்த வயரைச் சுருட்டி, பிளக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.