இடக்கை நூல்

"நம்ம வீட்டுத் தாராதேவிக்குக் கழுத்து, காது, மூக்குல இருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் என் தலைமுடிதான். நான் மட்டும் அன்னிக்குச் சடையை அறுத்துக் குடுக்கலைன்னா அவ வெறும் கந்தல் துணி. தெய்வத்துக்கே உருவம் குடுத்த தலை இது" என்று சாங்லா கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லித் திரிந்த மனிதர், வெள்ளைத் துணியில் முழங்கால் மடக்கிக் கட்டப்பட்டு, உள்ளறையில் பெட்டிப் பல்லக்கில் உட்கார்ந்திருந்தார். அவர் சேர்ந்தாற்போல மூன்று நாள் வாய் மூடியிருந்தது இதுவே முதல் தடவை. அவர் மனைவி யுடோலுக்கு அந்த அமைதியில் காது வலித்தது.

அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் ஆறு வீட்டு ஆண்கள் வந்து அடுப்பு, தண்ணீர், விறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் வீட்டுக்காரி எதையும் தொடக் கூடாது. எரியும் சாணத்தில் வறுத்த பார்லி மாவைத் தூவி, அந்தப் புகையைப் போனவருக்குச் சாப்பாடாகக் கொடுப்பதைக் கூட அவர்களில் ஒருவனான முருப்தான் செய்தான். அவருடைய மரக் கிண்ணத்தில் வேளை தவறாமல் வெண்ணெய்த் தேநீர் ஊற்றுவதும் அவன்தான். ஊற்றியது ஊற்றியபடி ஆறி, மேலே ஏடு கட்டியது. உயிரோடிருந்தபோது அந்தக் கிண்ணம் ஆறி யாரும் பார்த்ததில்லை. நாளைக்கு நாற்பது கிண்ணம் குடிப்பார், நாற்பத்தொன்றாவதை ஓநாய் குடித்தது என்பார்.

முருப்புக்கு நாற்பது வயது. கூட்டத்துக்கு அவன்தான் தலை. கையில் சாக்கோடு அவரது துணிமணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தான். சன்னலோரம் ஓன்போ, ஊர் ஜோசியர், ஏட்டைப் புரட்டி இறந்த நேரத்தைக் கணக்குப் போட்டார். போட்டு முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நேரம் கொஞ்சம் சரியில்லை. உடம்புல இருந்தது எதுவும் இந்த வீட்டுல தங்கக் கூடாது. மேலங்கி, செருப்பு, குல்லா, சீப்புல சிக்கின முடி வரைக்கும் கோன்பா மடத்துக்குக் குடுத்துடணும். ஏதாவது ஒண்ணு இங்க இருந்தா, அதைத் தேடி வாசல்ல வந்து நிப்பார். மேல போக மாட்டார்."

முருப் சாக்கின் வாயைப் பிடித்தபடி சுவரில் தொங்கிய தாராவைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவன் இருமுவது போல முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டான்.

"அத்தை, அப்போ தாரா?"

"தாராவுக்கு என்ன?"

"மாமா சொன்னது நிஜம்னா அதுவும் உடம்புல இருந்ததுதானே. அதுவும் போகணுமே."

"உங்க மாமா சொன்னது நிஜம்னா, சாங்லாவுல அவர் சிக்கின பனி வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்திருக்கணும்டா. முதல்ல முழங்கால் வரைக்கும்னார். போன வருஷம் குதிரையோட காது மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓன்போ சிரிக்கவில்லை.

"நான் எழுதிக் குடுக்கணும்மா. பொண்டாட்டி நீ சொல்றதுதான் கணக்கு. நிஜமா, பொய்யா?"

"பொய்" என்றாள் யுடோல்.

தாரா சுவரிலேயே இருந்தாள்.

நாற்பத்தோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். பட்டுத் துண்டுகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த பச்சைத் தாரா. ஓரங்களுக்கெல்லாம் குதிரை முடிமேல் பட்டு நூல் சுற்றிக் கோடு பிடிப்பது திபெத்தில் ஷிகாட்சே ஊர்த் தையற்காரர்களின் வழக்கம். எல்லை மூடுவதற்கு முன் கடைசியாகப் போன கம்பளிக் கூட்டத்தோடு அவரும் திபெத்துக்குப் போனார். புறப்பட்ட காலையில் யுடோல்தான் சடை பின்னி, தான் நூற்ற சிவப்புக் கம்பளி நூலை அதில் சேர்த்து முடிந்தாள். "திரும்பி வந்ததும் நான்தான் அவிழ்ப்பேன். வேற யாரும் கை வெக்கக் கூடாது" என்றாள். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் கழித்துப் பட்டுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றவருக்குத் தலை ஆற்றில் உருண்ட கல் மாதிரி மொட்டையாக இருந்தது.

தையற்காரனிடம் குதிரை முடி தீர்ந்துவிட்டதாம். கூட்டம் மறுநாள் கிளம்புகிறதாம். சடையை வெட்டிக் கொடுத்தாராம். ஊரில் ஒருவர் கூட நம்பவில்லை. சூதாட்டத்தில் போனது என்றார்கள் ஆண்கள். யுடோல் அதையும் நம்பவில்லை. அவள் கணக்கில் ஷிகாட்சேயில் ஒருத்தி இருந்தாள். முதலில் வெறும் ஒருத்தி. பத்து வருஷத்தில் அவளுக்கு ஒரு தங்கப் பல் முளைத்தது. இருபதில் பவழ மாலை போட்டுக்கொண்டாள். கடைசியில் யுடோலைவிட நன்றாக உப்பு ரொட்டி சுடுகிறவளாகவே ஆகிவிட்டாள். அவள் மடியில் படுத்துத்தான் அவர் சடையை அவிழ்த்திருக்க வேண்டும்.

"சந்தேகமா இருந்தா ஓரத்தைப் பிரிச்சுப் பாரேன்" என்பார் அவர், கண்ணில் குறும்போடு. தெய்வத்தின் மேல் யார் கத்தி வைப்பது? பட்டு நூல் தானாகத் தேய்ந்த இடங்களில், தோளிலும் காதிலும் கால் கட்டைவிரலிலும், எட்டிப் பார்த்தது வெள்ளைக் குதிரை முடி.

"என்ன மாமா, இருபத்தேழு வயசுலயே நரைச்சிடுச்சா?" என்று ஊரே கேட்டது.

"பனியிலடா. பயத்துல" என்பார் அசராமல்.

பிள்ளைகள் இல்லை. இனி இந்த வீட்டில் யுடோல் பேசினால் பதில் சொல்லாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருக்க மிச்சமுள்ள முகம் தாராவுடையது ஒன்றுதான். போவது அவர் ஒருவரோடு போதும் என்று அவளுக்குப் பட்டது.

முற்றத்தில் கொம்பு ஊதினார்கள். நான்கு பேர் பல்லக்கைத் தூக்கினார்கள். கதவு குறுகல். முருப் முன்னால் திரும்ப, பின்னால் இருந்தவன் வளைந்துகொடுக்க, கம்பின் நுனி சுவரில் உரசி, தாராவின் அடியோரத்தில் மாட்டியது. பல்லக்கு நகர்ந்தது. பட்டு கிழிகிற சத்தம் கேட்டது.

"மாமா போற போக்குலயும் சும்மா போகலை" என்றான் பின்னால் இருந்தவன். யாரும் சிரிக்கவில்லை. எடுத்த பல்லக்கை வாசலைத் தாண்டும்வரை இறக்கக் கூடாது. படியிறங்கி முற்றத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை.

அறையில் யுடோல் மட்டும் இருந்தாள். தேநீர்க் கிண்ணம் இருந்தது.

தாரா உட்கார்ந்திருக்கும் தாமரையின் கடைசி இதழ் பிரிந்து தொங்கியது. அதை ஒட்டிவைக்கத்தான் அருகே போனாள். எட்டு இதழ் ஓரத்திலும் சுற்றியிருந்த பட்டு நூல் அவிழ்ந்து, உள்ளே இருந்தது வெளியே வந்திருந்தது.

வெள்ளையாக இல்லை. கறுப்பு. குதிரை முடியின் முரட்டுத்தனமும் இல்லை. மெல்லிசாக, விரலில் வழுக்கியது. அந்தக் கறுப்போடு சேர்ந்து ஒரு சிவப்புக் கம்பளி இழை. அவசரத்தில் தையற்காரன் அதைப் பிரித்தெடுக்காமலே சேர்த்துச் சுற்றியிருக்கிறான்.

யுடோல் இழையை விரல்களுக்கிடையே உருட்டினாள். வழக்கமான பக்கம் உருட்டினால் நூல் இறுகும். இது பிரிந்தது. மறுபக்கம் உருட்டினாள். இறுகியது.

ஊரில் இடது கையால் தக்களி சுற்றியவள் அவள் ஒருத்திதான். முறுக்கு எதிர்ப்பக்கம் விழும் என்று அவள் நூலை எந்தத் தறிக்காரனும் வாங்க மாட்டான். "இவ நூல் திரும்பிப் பார்த்துக்கிட்டே நடக்கும்" என்று கேலி செய்வார்கள். திபெத்து முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு நூல் கிடைக்காது.

மேலே பார்த்தாள். தோள் வெள்ளை, காது வெள்ளை. கட்டைவிரலும் வெள்ளைதான். தாமரை மட்டும் கறுப்பு. ஒரு சடைக்கு எட்டு இதழ்தான் வந்திருக்கிறது.

தங்கப் பல்காரி எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவள்.

முற்றத்தில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இதழை மடித்து ஊசியால் இரண்டு தையல் போட்டால் தாரா இங்கேயே இருப்பாள். ஓன்போ எழுதிவிட்டார். நாளைக் காலையும் அதற்கு மறுநாள் காலையும் நெற்றியை வைக்க ஒரு இடம் இருக்கும். வாசலில் வந்து நிற்பார் என்றால் நிற்கட்டுமே. குளிரில், காதுவரை பனியில்.

யுடோல் ஊசியைத் தேடவில்லை.

தாமரையின் ஓரத்திலிருந்து சிவப்பு இழையை மட்டும், ஒரு கறுப்பு முடி கூட அறுந்துவிடாமல், நகத்தால் மெல்ல மெல்ல அவிழ்த்து எடுத்தாள். தாராவைக் கழற்றிச் சுருட்டினாள். மாடிப் படியின் தலைப்பில் நின்று கூப்பிட்டாள்.

"முருப்."

அவன் ஓடி வந்தான். சுருளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன அத்தை, கிழிஞ்சதுக்காகவா? நான் தெச்சுத் தர ஆள் கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம். கோன்பாவுல குடுத்துடு. அவர் சாமானோட."

"நீங்கதானே பொய்னு..."

"தாமரை மட்டும்தான். மேல எல்லாம் குதிரை" என்றாள் யுடோல். "ஆனா நடந்ததுதான்."

இடது கையில் சிவப்பு நூல் தானாக எதிர்ப்பக்கம் சுருண்டுகொண்டிருந்தது.