கூட்டினால் அஞ்சு வரவில்லை

கணக்கு டீச்சருக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. மகள் போனை எடுத்தால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. இருப்பதெல்லாம் சாயங்கால ஆன்லைன் வகுப்புதான். அதிலும் பிள்ளைகள் கேமராவை அணைத்து, மைக்கை மூடிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் டீச்சர் ஒரு சின்னத் தில்லுமுல்லு பண்ணுவாள். காரணிப்படுத்தும்போது வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக எழுதுவாள். உடனே ஏதாவது ஒரு வாண்டு "மிஸ், தப்பு!" என்று துள்ளிக்கொண்டு வரும். மற்றதுகளும் சேர்ந்து கத்தும். வீடே கலகலவென்று ஆகிவிடும்.

இன்று x² + 5x + 6 என்று எழுதினாள். "பெருக்கினா ஆறு, கூட்டினா அஞ்சு வரணும்" என்றவள், கீழே (x + 1)(x + 6) என்று போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் ஆறும் ஏழு. எந்த மண்டுக்கும் தெரியும்.

சத்தமே இல்லை.

"என்னப்பா, நல்லா பாத்தீங்களா? சரிதானே?"

திரையில் "யெஸ் மிஸ்" என்று ஓர் எழுத்துச் செய்தி வந்தது. பின்னாலேயே மற்றவர்களும் அதையே அனுப்பினார்கள்.

டீச்சர் மைக்கை அணைத்தாள். குரலைச் சின்னப் பிள்ளை மாதிரி ஆக்கிக்கொண்டு, "மிஸ், தப்பு!" என்றாள்.

"அட, ஆமாம்ல!" என்று அவளே பதிலும் சொல்லிவிட்டு, அழிக்க ஆரம்பித்தாள்.