எடை குறையவில்லை

பிரமுவின் மேல்கையைச் சுற்றி நர்ஸ் ஜெபராணி டேப்பை இழுத்துப் பிடிக்கிறாள், பத்தொன்பது சென்டிமீட்டர்தான் என்கிறாள், தாணுமாலயனுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை, அவருக்குத் தெரிந்த மனைவியின் கை வேறு, கல்யாணமான புதிதில் குற்றாலத்துப் படியில் வழுக்கியவரை வளைத்து நிறுத்திய கை, பிறகு ஓட்டலில் மூன்றாம் தடவை சாம்பார் கேட்டு நீண்ட கை, சப்ளையர் பார்க்கிறானே என்று அவர் கூசுகிறார், பாத்தா பாக்கட்டும், பசிக்குதுல்லா என்கிறாள், அந்தப் பசி எப்போது போனது, சிறுநீரகம் கெட்டுவிட்டது, பருப்பைக் குறையுங்கள் என்று முதல் டாக்டர் சொன்ன அன்றா, சமையலை அவர் தன் கைக்கு எடுத்துக்கொண்ட அன்றா, காய்களை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து வடிக்கிறார், பருப்பு கரண்டி நுனியளவு, உப்பு கண்ணிலேயே காட்டுவதில்லை, வாயில வைக்க முடியலங்க என்று அவள் தட்டைத் தள்ளுகிறாள், பத்தியம்னா அப்படித்தாம்ளா இருக்கும் என்று எடுத்துப் போகிறார், டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடம், எடை மெஷினில் ஏறினால் எப்போதும் ஐம்பத்திரண்டு, குறையவே இல்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், ஜெபராணியிடமும் அதையே சொல்கிறார்.

அது தண்ணிங்கய்யா, ஜெபராணி மெதுவாகச் சொல்கிறாள், சதை கரைஞ்ச எடத்துல நீர் நிக்கி, பருப்பக் குறைக்கச் சொன்னது டயாலிசிஸுக்கு முந்தி, இப்ப ஒவ்வொரு தடவையும் சத்தும் சேந்துல்லா வெளிய போவுது, நல்லா சாப்பிடணும், தினம் முட்டை வெள்ளைக்கரு குடுங்கன்னு போன வருசமே சொன்னமே, சொன்னார்களா, சொல்லியிருப்பார்கள், நாங்க சைவம்மா என்று அவர்தான் பாதியில் எழுந்து போயிருப்பார்.

சாயங்காலம் அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக முட்டை வாங்குகிறார், அவிக்கிறார், உரிக்கத் தெரியாமல் பாதி வெள்ளை ஓட்டோடு போகிறது, மிச்சத்தில் மிளகுத்தூள் தூவிக் கட்டிலருகே உட்கார்கிறார், நான்தாம்ளா ஒன்னயப் பட்டினி போட்டுட்டேன் என்கிறார், அவள் அவரையே பார்க்கிறாள், ஆமா என்கிறாள், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தெரிஞ்சா செஞ்சீய என்கிறாள், மூக்கைச் சுளித்து ஒரு துண்டை மெல்லுகிறாள், இன்னொன்று, தட்டு காலியாகிறது, காலித் தட்டைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று, அவர் எழுந்திருக்கப் போகும்போது பிரமு கேட்கிறாள், ஆமா, இத எந்தப் பாத்திரத்துல அவிச்சீய, அவர் முழிக்கிறார், பால் காய்ச்சுறதுலயா, அட பாவி மனுசா, என்று தலையணையிலிருந்து எழும்பி உட்கார்ந்து திட்டத் தொடங்குகிறாள், திட்டு நீண்டுகொண்டே போகிறது, எங்கே நிறுத்திவிடுவாளோ என்று தாணுமாலயன் அசையாமல் நிற்கிறார்.